துணைக்கு ஆர் வாறது?

(எமது கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தமது வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதற்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)



பெண்களின் சுகநலம் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று விழாக்குழுவினர் கேட்டபோது நாங்கள் முதலில் நீரிழிவைப் பற்றி யோசித்தோம். பிறகு மார்பகப் புற்றுநோய் பற்றி யோசித்தோம். இரண்டும் முக்கியமானவைதான். ஆனால் இந்த மண்டபத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நேற்றிரவு கொழும்பிலிருந்து பஸ் ஏறி விடியப்புறம் வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்? லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண் என்று புறப்பட்டுக் கட்டுநாயக்காவில் இறங்கி, அப்படியே வானில் ஏறி வந்தவர்கள் எத்தனை பேர்? விழா முடிந்ததும் அத்தனை பேரும் அதே வழியாகத் திரும்பப் போகிறீர்கள். ஆகவே, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலுள்ள ஏறக்குறைய 400 கிலோமீற்றரைப் பற்றியே பேசுவது என்று முடிவெடுத்தோம். ஒரு பெண் அந்தத் தூரத்தை எப்படிச் சுகமாகக் கடப்பது என்பதே இன்றைய பேச்சு.

எங்கள் வயதுக்காரருக்கு இந்த வீதியோடு உள்ள உறவு கொஞ்சம் சிக்கலானது. 1990 இல் யாழ்தேவி நின்றபோது நாங்கள் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள். பிறகு கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்தோம். 2002 இல் ஏ9 திறந்தது. 2006 இல் மூடியது. 2009 இன் பின் மறுபடியும் திறந்தது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. "பாதை திறந்திருக்கோ?" என்பதுதான் எங்கள் இளமைக்காலத்துக் கேள்வி. திறந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் பாதுகாப்புத்தான் என்று நினைத்துப் பழகிவிட்டோம். திறந்த பாதையில் எப்படிப் போவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதை நாங்கள் படித்துக்கொண்ட இரவைப் பற்றி முதலில் சொல்கிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா காலமானார். பள்ளிக்கூட நாட்களில் எங்கள் எல்லோருக்கும் சோறு போட்ட அம்மா. மறுநாள் காலை பத்து மணிக்குக் கிரியை. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கொழும்பில் இருந்த நாங்கள் நால்வர் ஒரு காரில் புறப்படுவது என்று தீர்மானித்தோம். ஒருத்தி வைத்தியர், ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி லண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவள்.

நான்கு வீடுகளிலும் ஒரே கேள்விதான். "துணைக்கு ஆர் வாறது?" கணவர்மார் கேட்டார்கள், மாமி கேட்டா, யாழ்ப்பாணத்திலிருந்து தம்பி தொலைபேசியில் கேட்டான். "ஆம்பிளை ஒருத்தரும் வரேல்லையே?" நால்வரும் நாற்பதைத் தாண்டியவர்கள், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிக்கொண்டிருப்பவர்கள். ஆனாலும் கேள்வி அதுதான். அக்கறையில் வந்த கேள்வி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "கார் ஓட்டப் போறவள் கடைசியா எப்ப நித்திரை கொண்டவள்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விடை இதுதான்: முதல் நாள் இரவு அவளுக்கு வைத்தியசாலையில் கடமை. விடியப்புறம் ஒரு மணி நேரம் கதிரையில் கண் அயர்ந்தாள். பிறகு வெள்ளிக்கிழமை முழுதும் வேலை.

இரவு ஒன்பது மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிட்டோம். புத்தளத்தில் ஒரு பிளேன்ரீ. அநுராதபுரத்தில் நிற்கவில்லை. வவுனியாவைத் தாண்டும்போது மூன்று மணி. ஓமந்தை கடந்து, புளியங்குளம் வருவதற்கு முன்னால், வீதி நேராக நீண்டு கிடக்கிறது. இரண்டு பக்கமும் இருட்டு. இடப்பக்கச் சில்லுகள் சரளையில் இறங்கி இரைந்தன. முன் ஆசனத்தில் இருந்தவள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். சாரதி கண் திறந்தபோது முன்விளக்கு வெளிச்சத்தில் தெரிந்தவை, வீதியின் நடுவில் படுத்துக் கிடந்த மாடுகள். கார் நின்றபோது மாட்டுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு கார் நீளந்தான் இருந்தது. மாடுகள் எழும்பவும் இல்லை.

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு முன் ஆசனத்தில் இருந்தவள் சொன்னாள்: "மதவாச்சியிலேயே நான் கண்டனான், உன்ர கண் சொருகினதை. நீ டொக்டர், உனக்குத் தெரியாததே எண்டு பேசாமல் இருந்திட்டன்." பின்னால் இருந்த ஆசிரியை சொன்னாள்: "கார் ரெண்டு தரம் அங்கால இங்கால போனது. சொன்னால் குறை நினைப்பாய் எண்டு விட்டிட்டன்." லண்டன்காரி சொன்னாள்: "எனக்குப் புத்தளத்தில இருந்து ஒண்டுக்குப் போக அவசரம். நிப்பாட்டச் சொல்லிக் கேட்டிருந்தால் எல்லாரும் இறங்கி நடந்திருப்பம். கேக்கக் கூச்சமா இருந்தது." சாரதி கடைசியாகச் சொன்னாள்: "எனக்கும் தெரியும், கண் எரிஞ்சுகொண்டுதான் இருந்தது. முக்கால்வாசித் தூரம் வந்திட்டம், இப்ப போய் ஏலாது எண்டு சொல்ல வெக்கமா இருந்தது."

காரில் நான்கு பேர். நால்வருக்கும் ஏதோ ஒன்று தெரிந்திருந்தது. நால்வரும் வாய் திறக்கவில்லை.

அந்தச் சாரதிதான் இப்போது உங்கள் முன்னால் ஒலிவாங்கியோடு நிற்கிறாள். மற்ற மூவரும் மூன்றாம் வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். நோயாளருக்கு நாள்தோறும் புத்திமதி சொல்கிறவர்களுக்கு இது நல்ல பாடம்.

அன்றிரவு புளியங்குளத்தில் வெளிச்சமான ஒரு கடையடியில் காரை நிறுத்திக் கதவுகளைப் பூட்டி, விடியும்வரை நித்திரை கொண்டோம். கிரியைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அதன்பிறகு நாங்கள் பலமுறை பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். நெடும்பயணத்தில் பெண்களுக்கு வரும் துன்பங்களில் மிகப் பல, நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குகிற இடத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, நித்திரை. உடம்பின் கடிகாரத்தில் நித்திரை அமுக்குகிற நேரங்கள் இரண்டு. ஒன்று நள்ளிரவு தாண்டியதிலிருந்து விடியற்காலை வரை, அதிலும் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. மற்றது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கைகால் வேகமும் தீர்மானிக்கும் திறனும், இரத்தத்தில் 0.1 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் சாரதிக்குச் சட்டம் விதித்த எல்லை 0.08. அதாவது, ஒரு துளி குடிக்காமலேயே நாங்கள் வெறியில் ஓட்டியிருக்கிறோம். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் நான்கு செக்கன் கண் மூடினால் கார் ஏறக்குறைய 78 மீற்றர் தானாக ஓடும். அந்த நான்கு செக்கன் நித்திரை வந்ததே சிலவேளை நமக்குத் தெரியாது.

யன்னலைத் திறப்பது, பாட்டைக் கூட்டி வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் சில நிமிடத்துக்குத்தான். பலன் தருவது நித்திரைதான். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ஒரு தேத்தண்ணியோ கோப்பியோ குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். கோப்பி வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் பிடிக்கும், எழும்பும் நேரத்துக்கு அது கைகொடுக்கும். அதன் பின்னும் கண் சொருகினால் பயணம் விடிந்த பிறகுதான்.

இப்போது எங்கள் நால்வருக்கும் சில கட்டுப்பாடுகள் உண்டு. இரவுக் கடமை முடித்தவள் அன்று கார் ஓட்டுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துவோம். முன் ஆசனத்தில் இருப்பவள் நித்திரை கொள்ளக்கூடாது. அவள் "நிப்பாட்டு" என்றால் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் ஒரு சொல். உங்களை ஏற்ற விமான நிலையத்துக்கு வருகிற வான் சாரதி, சிலவேளை அன்று பகல் யாழ்ப்பாணத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவராக இருப்பார். அதே இரவில் உங்களோடு திரும்புவார். ஏறுமுன் கேளுங்கள்: "அண்ணை, நீங்கள் கடைசியா எப்ப நித்திரை கொண்டனீங்கள்?" அவர் கோபிக்க மாட்டார். பெரும்பாலும் அவரிடம் அதைக் கேட்கும் முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். வான் கூலியோடு அவருக்கு ஓர் இரவு தங்குவதற்கான செலவையும் சேர்த்துக் கொடுத்து, விடிந்தபின் புறப்படுங்கள். பல வருடம் காணாத ஊரைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு வருவதும் ஓர் இன்பந்தானே.

இரண்டாவது, தண்ணீர். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். எங்கள் விடுதியில் சிரிப்பதில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலும் விலாப்பக்க நோவுமாக வந்தாள். சிறுநீரகத்தில் தொற்று. ஒரு வருடத்துக்குள் மூன்றாந்தரம். விசாரித்தபோது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை இரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போய்வருகிறாள் என்று தெரிந்தது. போகிற நாளில் மத்தியானத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுவாள்.

"ஏன் பிள்ளை தண்ணி குடிக்கேல்லை?"

"பஸ் நிக்காது, மிஸ்."

"நிப்பாட்டச் சொல்லிக் கேட்டனீரே?"

"ஆம்பிளையள் எல்லாம் இருக்க எப்பிடி மிஸ் கேக்கிறது?"

அவளைக் கண்டித்து என்ன பயன்? எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்ததும் அதுதானே. பயணம் போகிற பெண் தண்ணீர் குடிக்கக்கூடாது, அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்பதுதான். பெண்ணின் சிறுநீர்க் குழாய் நான்கு சென்ரிமீற்றர் அளவுதான். கிருமி பையை எட்டுவதற்குத் தூரம் குறைவு. அடிக்கடி சிறுநீர் கழிப்பது அந்தக் கிருமியைக் கழுவி வெளியேற்றுகிறது. தண்ணீரை நிறுத்தி, எட்டு மணி நேரம் அடக்கி வைத்தால் கிருமி பெருகுவதற்கு நாமே இடங்கொடுக்கிறோம். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று குறைமாதப் பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். சிறுநீர் எரிந்தால் காத்திருக்க வேண்டாம். காய்ச்சலும் நடுக்கமும் விலா நோவும் சேர்ந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில் 1995 ஒக்ரோபர் 30 ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. இந்த மண்டபத்தில் பலருக்கு அந்த இரவு தெரியும். மழையில், இதே வீதியில், நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் சனம் அசைய முடியாமல் நின்றது. நாங்கள் பதினைந்து வயதுப் பிள்ளைகள். எங்களில் ஒருத்தி அடக்க முடியாமல் அழத் தொடங்கினாள். என்னவென்று சொல்லவும் மாட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா அவளுடைய முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டா. "ஏன் பிள்ளை, வாயைத் திறந்து சொல்லன்" என்றா. பையிலிருந்த சேலை ஒன்றை விரித்து, பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, சுற்றிப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றா. அவள் மட்டுமல்ல, அந்த ஒரு சேலைக்குள் அன்றிரவு எத்தனையோ பேர் மாறி மாறிப் போய்வந்தோம். அந்தப் பெரியம்மாவின் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அன்று சேலையைப் பிடித்தது போல இன்று செய்யக்கூடியது ஒன்று உண்டு. பஸ்ஸில் ஏறும்போதே நடத்துநரிடம் "அண்ணை, எந்த இடத்தில எத்தினை மணிக்கு நிப்பாட்டுவியள்? பெண்களுக்கு மலசலகூடம் இருக்கிற இடமாப் பாருங்கோ" என்று சொல்லிவிடுங்கள். நடு இரவில் தனியே எழும்பிக் கேட்பதைவிட அது இலகு. பக்கத்தில் இருக்கும் பெண்ணிடமும் கேளுங்கள், "உங்களுக்கும் போக வேணுமோ?" என்று. இருவர் சேர்ந்து கேட்டால் பஸ் நிற்கும். முறிகண்டியில் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குவதற்கு எத்தனை வாகனங்கள் நிற்கின்றன! அதை யாரும் நேரம் வீண் என்று சொல்வதில்லை. பிள்ளையாருக்கு நிற்கிற வாகனம் பிள்ளைகளுக்கும் நிற்கலாம்.

மூன்றாவது, கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்கும் பயணம், கால் நாளத்தில் இரத்தக் கட்டி உண்டாகும் வாய்ப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007 இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. விமானம் மட்டுமல்ல, பஸ், கார், ரயில் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பெரும்பாலானவருக்கு அந்த வாய்ப்பு மிகச் சிறியதுதான். ஆனால் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், முன்பு கட்டி வந்தவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லண்டனிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வானத்தில் இருந்துவிட்டு, அப்படியே எட்டு மணி நேரம் வானில் இருப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அரை மணிக்கு ஒருமுறை குதிக்காலை ஊன்றி முன்பாதத்தை மேலே கீழே அசையுங்கள். வாகனம் நிற்கும்போதெல்லாம் இறங்கி நடவுங்கள். தண்ணீர் குடியுங்கள். பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ, "பஸ்ஸில இருந்த களைப்பு" என்று எண்ணெய் பூசிக்கொண்டு படுக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. கோயில் திருவிழாவுக்கு என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு பயணம் வருகிறவர்கள் உண்டு. அந்த மாத்திரையும் சிலருக்குக் கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும். உங்கள் வைத்தியரைக் கேட்காமல், கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். கேட்பதற்கு வெட்கப்படவும் வேண்டாம். எங்களுக்கு அது தினசரி வேலை.

நான்காவது, ஆசனப்பட்டி. முன் ஆசனத்தில் இருப்பவர்கள் 2011 முதல் சட்டப்படி கட்ட வேண்டும். பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் கட்டுவதில்லை. சேலை கசங்கும், பிள்ளை மடியில், பட்டி ஆசனத்துக்கு அடியில் போய்விட்டது என்று ஏதாவது ஒரு காரணம். கார் மோதி நிற்கும்போது பின்னால் பட்டி இல்லாமல் இருப்பவர், முன்னால் இருப்பவரின் மேல் அதே வேகத்தில் போய் விழுகிறார். மடியிலுள்ள பிள்ளையை எந்தத் தாயின் கையாலும் அப்போது பிடித்து வைக்க முடியாது. அன்றிரவு எங்கள் காரிலும் பின்னால் இருந்த இருவரும் பட்டி கட்டவில்லை. கர்ப்பிணிகளும் கட்ட வேண்டும். கீழ்ப்பட்டி வயிற்றின் மேலாக அல்ல, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மேலாக வர வேண்டும். தோள்பட்டி மார்புகளுக்கு நடுவாக வந்து வயிற்றின் பக்கமாகப் போக வேண்டும்.

ஐந்தாவது விடயம், நீங்கள் முதலில் எதிர்பார்த்திருக்கக்கூடியது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015 இல் நம் நாட்டில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலோ ரயிலிலோ ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பது நம் மௌனந்தான். அதற்கு அந்தப் பெண்களைக் குற்றம் சொல்ல மாட்டோம். சொன்னால் "நீ ஏன் இரவில போனனீ?" என்று கேட்கிற உலகத்தில் அவர்கள் பேசாமல் இருந்தார்கள். குற்றம் செய்தவனுடையது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, நாங்கள் இந்த வீதியில் நடந்த அதே 1995 இல் திருத்தப்பட்டது. கையால் மட்டுமல்ல, சொல்லாலும் செய்கையாலும் தரும் பாலியல் தொந்தரவும் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும்.

ஆனால் இரவு பஸ்ஸில் பின்னாலிருந்து ஒரு கை வரும்போது சட்டப்பிரிவு நினைவுக்கு வராது. அப்போது வேண்டியது ஒரு வசனம். அதை வீட்டிலேயே உரத்துச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். "கையை எடு!" இவ்வளவுதான். கெஞ்ச வேண்டியதில்லை, விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் கேட்க வேண்டும், அவ்வளவே. தெற்கில் பயணம் செய்யும் நம் பிள்ளைகள் பலர் மொழி தெரியாது என்றே பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டு சிங்கள வசனங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "அல்லன்ன எபா" என்றால் தொடாதே. "பஸ் எக நவத்தன்ன" என்றால் பஸ்ஸை நிறுத்துங்கள். உச்சரிப்புப் பிழைத்தாலும் விளங்கும். குரல்தான் பேசும்.

அடுத்த ஆசனத்தில் வேறொரு பெண்ணுக்கு அது நடப்பதைக் கண்டால், அவளிடம் "தங்கச்சி, இஞ்ச வந்து இரும்" என்று சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய நம்மால் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான். ஒருவரும் நம்மை "வாய்க்காரி" என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இனிச் சில சின்ன ஆயத்தங்கள். ஆசனம் பதியும்போதே பக்கத்து ஆசனம் பெண்ணுக்கா என்று கேளுங்கள். ஏறியதும் வாகன இலக்கத்தை வீட்டுக்கு அனுப்புங்கள். கைத்தொலைபேசியை முழுதாக மின்னேற்றி, மேலதிக மின்கலம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். போகிற வழியை முகநூலில் அப்போதைக்கப்போதே போடுவதை வீடு போய்ச் சேர்ந்தபின் செய்யலாம். பஸ் விடியுமுன் வந்து சேர்ந்தால், இருட்டான சந்தியில் தனியே இறங்காமல் வெளிச்சமான பஸ் நிலையம் வரை போய், கூட்டிச் செல்ல ஆள் வந்தபின் இறங்குங்கள். கைப்பையில் தண்ணீர்ப் போத்தல், சவர்க்காரம், கடதாசித் துவாய், ரோர்ச், மாதவிடாய்த் துவாய், நாள்தோறும் போடும் மருந்து, மருந்துகளின் பெயர் எழுதிய துண்டு, அடையாள அட்டை இருக்கட்டும்.

சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் புறப்படுமுன் நான்கு ரயரோடு ஐந்தாவதையும் பாருங்கள். ரயர் மாற்றுவதை வீட்டு முற்றத்தில் ஒருமுறை செய்து பழகுங்கள். எங்கள் நால்வருக்கும் அது இப்போது தெரியும். இரவில் வாகனம் நின்றுபோனால் ஓரமாக எடுத்து, சைகை விளக்குகளைப் போட்டு, வீதியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். வாகனத்துக்குப் பின்னால் நிற்க வேண்டாம். வன்னியில் இரவில் மாடு வீதியில் படுத்திருக்கும், புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையில் யானை வரும். அவற்றுக்கு முன்விளக்கின் விதி தெரியாது. வேகத்தைக் குறைப்பது நம் வேலை.

மூன்று இலக்கங்களைத் தொலைபேசியில் மட்டுமல்ல, மனதிலும் வையுங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119. பெண்களுக்கான உதவி 1938. இலவச அம்புலன்ஸ் 1990. 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்த அம்புலன்ஸ் சேவை 2018 இல் வடக்குக்கும் வந்தது. எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் பக்கத்திலுள்ள கிலோமீற்றர் கல்லைப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஏ9 இன் கற்களில் உள்ள எண் கண்டியிலிருந்து கணக்கிடப்பட்டது. அது போதும், தேடி வந்துவிடுவார்கள்.

அன்பானவர்களே, இத்தனையையும் கேட்டு "அப்ப வீட்டிலயே இருப்பம்" என்று நினைத்துவிடாதீர்கள். இந்தக் கல்லூரி தொடங்கிய நாளில் பெண்பிள்ளை தெருவால் நடந்து பள்ளிக்கூடம் வருவதே பேச்சாக இருந்தது என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். அவர்கள் நடந்து வந்த தெருவின் நீட்சிதான் இந்த 400 கிலோமீற்றர். போகத்தான் வேண்டும்.

சென்ற மாதம் நாங்கள் நால்வரும் திரும்பவும் அதே காரில் வந்தோம். பகலில் புறப்பட்டோம், மாறி மாறி ஓட்டினோம். மாங்குளம் தாண்டியதும் லண்டன்காரி, கொஞ்சமும் தயங்காமல், "நிப்பாட்டடி, எனக்கு அவசரம்" என்றாள். அந்த இடத்தில் கடையும் இல்லை, கட்டிடமும் இல்லை. கண்ணிவெடி அகற்றிய காலத்து நினைவில் பற்றைக்குள் தூரம் போகாமல், கார்க் கதவருகிலேயே மூவரும் ஒரு பெரிய சால்வையை விரித்துப் பிடித்தோம். பிறகு ஒவ்வொருத்தியாக முறை மாறினோம். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மழையில் சேலை பிடித்த அந்தப் பெரியம்மாவின் நினைவு எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

இன்று பின்னேரம் நீங்கள் திரும்பிப் போகும்போது வீட்டில் யாராவது கேட்பார்கள், "துணைக்கு ஆர் வாறது?" என்று. பக்கத்தில் இருக்கும் பெண்ணைக் காட்டுங்கள். அவளுக்குச் சொல்லிவையுங்கள்: நித்திரை வந்தால் சொல்லு, வேகம் கூடினால் சொல்லு, அவசரம் என்றால் சொல்லு, ஆரும் கை வைத்தால் உரத்துச் சொல்லு. நீங்களும் அவளுக்குச் சொல்லுங்கள். அதற்குப் பெயர்தான் துணை.

எல்லோரும் சுகமாக வீடு போய்ச் சேருங்கள். சேர்ந்ததும் ஒரு சொல் அறிவியுங்கள்.